மூன்றாம் தரம் சொல்லுமுன்

கேட்டவர் ஒரு தம்பி. வேலை மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்து, உவர்மலையில் வாடகைக்கு ஒரு வீடு எடுத்திருக்கிறார். ஒரு மோட்டார் சைக்கிள், கொஞ்சம் தளபாடம், தங்கையின் கலியாணத்துக்கு ஒரு சங்கிலி, எல்லாவற்றையும் ஏலத்தில் எடுத்தால் பாதி விலைக்கு முடியும் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். "இதுவரை ஓர் ஏலத்தையும் கண்ணால் கண்டதில்லை, ஏமாறாமல் வாங்குவது எப்படி?" என்று கேட்கிறார். பாதி விலை என்ற கதையை முதலில் மறந்துவிடுங்கள் தம்பி. ஏமாறாமல் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்: பத்துப் பேர் நடுவில் நின்று விலை கேட்கும்போது, எந்தத் தொகையில் வாயை மூடவேண்டும் என்பது எப்படித் தெரியும்? அதுதான் கேள்வி என்றால் என்னால் பதில் சொல்ல முடியும்.

அனுமதிப்பத்திரம் பெற்ற ஏலக்காரர் ஒருவரிடம் 19 வருடங்கள் எழுதுவினைஞராக இருந்தேன். அதில் பாதிக் காலம் ஏலம் கூறும் வேலையும் செய்தேன். வங்கி ஏல அறிவித்தல்களின் அடியில், தரகு, விளம்பரச் செலவு எல்லாம் முடிந்த பிறகு, எழுதுவினைஞருக்கும் ஏலம் கூறுபவருக்கும் கூலி என்று ஒரு சிறிய தொகை போட்டிருக்கும். அந்தச் சிறிய தொகை நான்தான். வாகனம், அடகு நகை, அலுவலகங்கள் கழித்த பழைய சாமான், வங்கிக்கு ஈடு வைத்த காணி ஆகியவை என் கை வழியே போனவை. சுங்கத் திணைக்கள ஏலத்திலும் இரத்தினக்கல் ஏலத்திலும் நான் நின்றதில்லை. ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏலம் கூறுபவன் உங்கள் பக்கத்து ஆள் இல்லை என்பதை என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். விலையை ஏற்றத்தான் அவனுக்குக் கூலி. கூட்டத்தைச் சூடாக்க வேண்டுமென்றே மிகக் குறைந்த தொகையில் தொடங்குவேன். மோட்டார் சைக்கிளுக்கு ஓர் இலட்சம் என்றால் வேடிக்கை பார்க்க வந்தவரும் கையைத் தூக்குவார். ஒருமுறை தூக்கிய கை மறுமுறை தானாக எழும்பும். இரண்டு பேர் மிஞ்சியதும் வேகத்தைக் கூட்டுவேன். ஒருவர் தயங்கினால் அப்போதுதான் வேகத்தைக் குறைப்பேன். "ஒரு தரம்... இரண்டு தரம்..." என்று இழுத்துக்கொண்டு அவருடைய முகத்தையே பார்ப்பேன். புதியவர் அந்த இடைவெளியில் பக்கத்தில் நிற்கும் மனைவியையோ நண்பனையோ திரும்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டாரானால் இன்னொருமுறை கேட்பார் என்று எனக்குத் தெரியும். பழைய வியாபாரி ஒருவரையும் பார்க்க மாட்டார். வெற்றிலைச் சரையை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். அவர் முடித்துவிட்டார் என்று பொருள். அதற்குப் பிறகு நான் தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை.

முதல் பாடத்துக்குப் பணம் கொண்டு போகத் தேவையில்லை. விடியற்காலையில் திருக்கடலூர்க் கரைக்கோ, நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கும் இடத்துக்கோ போய் நில்லுங்கள். மணலில் சூரையும் கீரியும் கூறு கூறாகக் கிடக்கும். சைக்கிளில் வீடு வீடாக விற்பவர், சந்தையில் தட்டு வைத்திருப்பவர், ஐஸ் பெட்டியோடு லொறியில் வந்த மொத்த வியாபாரி மூவரும் ஒரே கூற்றுக்குக் கேட்பார்கள். பெரிய கூறு என்றால் சைக்கிள்காரர் முதலில் நிற்பார். வெயில் ஏறுமுன் அவ்வளவையும் அவரால் விற்க முடியாது. அதே இடத்தில் நல்ல அறக்குளா இரண்டு மட்டும் கிடந்தால் லொறிக்காரரை அவர் தாண்டிப் போவார். எந்தத் தெருவில் எந்த வீட்டில் அதை வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு மணி நேரம் பார்த்தால், யார் எங்கே நிற்பார் என்று நீங்களே வாய்க்குள் சொல்லத் தொடங்குவீர்கள். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வள்ளங்கள் குறைவு. அப்போது போனால் விலையின் சூட்டைத்தான் பார்க்கலாம், கணக்கைப் பார்க்க முடியாது. கடல் அமைதியான மாதங்களே படிக்க நல்லவை. கோயில் திருவிழாவில் மாம்பழம் ஏலம் போவதைப் பார்த்து மட்டும் எதையும் படித்துவிடாதீர்கள். அங்கே கேட்கப்படுவது பழத்தின் விலை இல்லை.

(ஒரு கிளைக்கதை. நாம் சொல்லும் ஏலம் போர்த்துக்கீசச் சொல்லிலிருந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். சிங்களத்தில் வழங்கும் வெந்தேசிய ஒல்லாந்தரிடமிருந்து வந்தது. கோட்டையை மாறி மாறிப் பிடித்தவர்கள் ஆளுக்கொரு சொல்லைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.)

கரையில் கண்டதுதான் வாகன முற்றத்திலும் நடக்கிறது. வியாபாரி எதை எடுத்தாலும் விற்பதற்காக எடுக்கிறார். அவருடைய இலாபம் கரைந்துபோகும் தொகையில் அவர் நின்றே தீரவேண்டும். நீங்கள் வைத்துப் பாவிப்பதற்காக எடுக்கிறீர்கள். உங்களுக்கு இலாபம் தேவையில்லை. ஆகவே வியாபாரி நிற்கும் இடத்துக்கு ஒரு படி மேலே போனாலும், கடை விலைக்குக் கீழேதான் இருப்பீர்கள். புதிதாக வருபவருக்கு ஏலத்தில் இருக்கும் ஒரே அனுகூலம் இந்த ஒரு படி. எதிரே கேட்பவர் வியாபாரியாக இருக்கும் வரைதான் அந்தப் படி இருக்கும். வியாபாரிகள் எல்லாரும் விலகி, உங்களைப் போல இன்னொரு வீட்டுக்காரர் மட்டும் எதிரில் நின்றால் மேலே கூரை கிடையாது. அந்த நிலையில் நீங்கள் வென்றால், அந்தத் தொழிலிலேயே சோறு சாப்பிடும் அத்தனை பேரும் விலை கூடிவிட்டது என்று நினைத்த பொருளை வீட்டுக்குக் கொண்டு போகிறீர்கள்.

படியின் உயரத்தை வீட்டிலேயே கணக்குப் பார்க்கவேண்டும். ஒரு பேச்சுக்கு, நீங்கள் பார்த்த மோட்டார் சைக்கிள் நல்ல நிலையில் வெளியே 420,000 ரூபாவுக்குப் போகிறது என்று வைப்போம். டயர், சங்கிலி, பற்றரி, மெக்கானிக் கூலி என்று 45,000. உரிமை மாற்றமும் நிலுவையான வருமான அனுமதிப்பத்திரமும் 15,000. ஏற்றிக்கொண்டு வர 5,000. முற்றத்தில் இயந்திரத்தை இயக்கிப் பார்க்க விடமாட்டார்கள் என்பதால், கண்ணுக்குத் தெரியாத பழுதுக்கு 40,000. மிச்சம் 315,000. ஏலக்காரரின் தரகு 2.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 8,000. ஆகவே 307,000 ரூபாவுக்கு மேல் உங்கள் வாய் திறக்கக்கூடாது. வியாபாரிக்குச் சொந்த மெக்கானிக் இருப்பதால் திருத்த வேலை 25,000இல் முடியும். ஆனால் அபாயத்துக்கும் இலாபத்துக்கும் சேர்த்து 90,000 ஒதுக்குவார். அவர் 278,000 அளவில் நின்றுவிடுவார். 278க்கும் 307க்கும் இடையில்தான் உங்கள் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. தொகைகள் நான் உதாரணத்துக்குப் போட்டவை; உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு உங்கள் தொகைகளைப் போடுங்கள். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த இடைக்காலத்து விலைகளை மனதில் வைத்துக்கொண்டு வந்து கேட்பவர்களை இன்னும் காண்கிறேன். அன்றைய வாரத்து விலையை விசாரியுங்கள்.

பார்வையிடும் நாள் என்று ஒன்று அறிவிப்பார்கள். அதற்குப் போகாதவர் ஏலத்துக்கும் போகக்கூடாது. எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிளைப் பார்ப்பதற்கு ஒரு தனி முறை உண்டு. பெயின்ற் பூசிப் பளபளப்பாக நிற்கும் பெற்றோல் தாங்கியைப் பார்க்காதீர்கள்; குந்தியிருந்து பின்பக்கம் பாருங்கள். கரியரில் பலகை கட்டிய தழும்பு, ஆணித் துளை, கயிறு உரசிய கோடு இருந்தால் அது மீன் பெட்டி சுமந்த வண்டி. உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் சொட்டியிருக்கும். பின்சில்லைத் தாங்கும் இரும்புக் கையின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். துரு பொருக்காக உரிந்து வந்தால் எழும்பி வந்துவிடுங்கள். பிறகு இயந்திர இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். உரிமை மாற்றத்துக்கான கையொப்பமிட்ட படிவங்களை எந்தத் தேதியில் தருவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். லீசிங் நிறுவனங்கள் சிலவேளை கூறி விற்காமல் கடித உறையில் விலை எழுதிப் போடச் சொல்வார்கள். அங்கே 307,000 என்று எழுதினால் 307,000தான் கட்டுவீர்கள், அடுத்தவர் 250,000 எழுதியிருந்தாலும். உறையில் உச்சத் தொகையை எழுதாமல் கீழே இறங்கி எழுதவேண்டும். எவ்வளவு கீழே என்பது சூதாட்டம்தான், அதற்கு என்னிடமும் சூத்திரம் இல்லை.

சட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. பொருட்கள் விற்பனை பற்றிய 1896ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ விற்பனை முடிந்தது என்று அறிவிக்கும் வரை, விலை கேட்டவர் தான் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். நம் ஊர் வழக்கில் அது மூன்றாம் தரம். அதற்குப் பிறகு பொருள் உங்களுடையது, பழுதும் உங்களுடையது. விற்பவருக்கும் விலை கேட்கும் உரிமை உண்டு என்று முன்கூட்டியே அறிவிக்காமல், அவரோ அவருடைய ஆளோ கூட்டத்தில் நின்று விலை ஏற்றுவதும் அதே சட்டத்தில் தடை. உள்ளது உள்ளபடி விற்கப்படும் என்ற வரியைக் கண்டால் அதை அப்படியே நம்புங்கள். திருப்பிக் கொடுக்கும் பேச்சுக்கு இடமில்லை. நிபந்தனைத் தாளை ஏலத்துக்கு முன்தினமே கேட்டு வாங்கி வாசியுங்கள். ஏல நாளில் அதை வாசித்தவரை 19 வருடத்தில் விரல்விட்டு எண்ணலாம்.

நகைக்கு வருவோம். வங்கிகளின் அடகுப் பிரிவில் மீட்கப்படாத நகைகள் ஏலத்துக்கு வரும். பத்திரிகை அறிவித்தலும் கிளையின் அறிவித்தல் பலகையும்தான் வழி. சொந்தக்காரர் கடைசி நேரத்தில் வட்டியோடு பணத்தைக் கட்டி மீட்டுவிட்டால் அந்த இலக்கம் பட்டியலிலிருந்து வெட்டப்படும். அப்படி வெட்டப்பட்டால் ஏமாற்றம் வேண்டாம், ஒரு வீட்டுக்கு நல்லது நடந்திருக்கிறது. நிறை என்று எழுதியிருப்பதில் கல், அரக்கு, கொக்கியின் உள்கம்பி எல்லாம் சேர்ந்திருக்கலாம். 16 கிராம், அதாவது இரண்டு பவுண் என்று போட்ட ஒரு சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். பதக்கத்துக் கல்லுக்கு 1 கிராம் கழித்தால் 15. பழைய நகை 20 கரட் என்றால் அதில் தூய தங்கம் 12.5 கிராம்தான். கடையில் வாங்கும் 22 கரட் 16 கிராமில் ஏறக்குறைய 14.7 கிராம் இருக்கும். இரண்டு கிராமுக்கு மேல் வித்தியாசம், இன்றைய விலையில் பெருக்கிப் பாருங்கள். நகைக்கடைக்காரர்கள் உருக்குவதற்காகக் கேட்கிறார்கள்; அவர்களுக்குச் செய்கூலியும் சேதாரமும் பொருட்டில்லை. உங்களுக்கு அணிய வேண்டும் என்பதால் அந்த இரண்டும்தான் உங்கள் படி. தெரிந்த பத்தர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உரைத்துப் பார்க்க விடாவிட்டாலும், தேய்ந்த கண்ணியையும் பற்றாசு வைத்த இடத்தையும் அவர் கண் கண்டுபிடிக்கும். தாலிக்கொடி ஏலத்துக்கு வரும்போது பெண்கள் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள், கூட்டம் கொஞ்சம் அமைதியாகிவிடும். நான் அதைக் கூறும்போது குரலை உயர்த்துவதில்லை. முதலாளி அதற்காக என்னைக் கண்டித்ததும் இல்லை.

தளபாடத்தில் நானே அடிபட்டவன். என் முதலாளிக்குத் தொடர்பில்லாத ஓர் இடத்தில், ஓர் அலுவலகம் கழித்த சாமான்களை ஏலம் விட்டார்கள். இருபத்து நான்கு இரும்புக் கதிரைகள் ஒரே தொகுதி, ஆறு அடுக்காகச் சுவரோடு அடுக்கியிருந்தார்கள். மேலே இருந்த ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன், நல்ல கதிரைகள். வீட்டுக்கு ஆறு, மிச்சத்தை ரியூசன் வகுப்பு நடத்தும் மச்சானுக்குக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டு, ஒருவரும் எதிர்க்காமல் எடுத்தேன். எதிர்ப்பவர் இல்லாததே ஓர் அறிவித்தல் என்று என் தொழில் எனக்குச் சொல்லியிருக்கவேண்டும். அடுக்கைப் பிரித்தபோது இரண்டாம் வரிசையிலிருந்து கால் இல்லை, இருக்கை இல்லை. கீழே இருந்தவை சுவரின் ஈரத்தில் ஒன்றோடொன்று துருப்பிடித்து ஒட்டியிருந்தன. மூன்று நாளுக்குள் முழுத் தொகுதியையும் அகற்றவேண்டும், அகற்றாவிட்டால் கட்டுப்பணம் போகும் என்பது நிபந்தனை. டிமோ பட்டா என்ற சின்ன லொறி ஒன்றைப் பிடித்து இரண்டு நடை ஏற்றினேன். வாடகை கதிரைகளின் விலையைத் தாண்டியது. பதினேழு கதிரைகளைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்தேன். மச்சான் இன்றைக்கும் விசேடங்களில் என்னைக் கண்டால் எழும்பித் தன் கதிரையைத் தருகிறான்.

வியாபாரிகள் கூட்டுச் சேர்வதைப் பற்றியும் கேட்பீர்கள். ஒருவர் மட்டும் கேட்க, மற்றவர்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஏலம் முடிந்து தேநீர்க் கடையில் அதே பொருள் அவர்களுக்குள் மறுபடி கைமாறும். இதை நான் கண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன். நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது. புதியவருக்கு அது முழுக்கக் கெடுதல் இல்லை, அவர்கள் விலையைக் கீழே வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்நியர் ஒருவர் புகுந்தால் ஒரு பொருளில் வேண்டுமென்றே அவரை ஏற்றிவிட்டு, திரும்பி வராதபடி செய்வதும் உண்டு. எழுதிய தொகையில் நிற்பவரை அவர்களால் எதுவும் செய்ய முடியாது. முகநூலில் ஏல வாகனம் என்று படம் போட்டு, முன்பணத்தைக் கணக்குக்கு அனுப்பச் சொல்பவர்களைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை: பொருளைத் தொட்டுப் பார்க்க இடமும் தேதியும் தராத எதுவும் ஏலம் இல்லை.

காணி, வீடு நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் இரண்டு ஏலம் வென்றவர்கள் மூன்றாவதாக அங்கேதான் போவார்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டப்படி வங்கிகள் ஈடு வைத்த காணியை வழக்கில்லாமல் ஏலம் விடலாம். பராட்டே என்று பத்திரிகைகள் எழுதுவது இதைத்தான். 2024இல் அது தற்காலிகமாக நிறுத்தப்பட்டதும், அந்த நிறுத்தம் 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டதும் நினைவிருக்கும். அறிவித்தல்களில் வழமையாகக் காண்பவை: வென்ற உடனேயே 10 அல்லது 25 சதவீதம், ஏலக்காரருக்கு 2.5 சதவீதம், உள்ளூராட்சி மன்றத்துக்கு 1 சதவீதம், விளம்பரச் செலவு முழுவதும், மிச்சம் 30 நாளுக்குள். வங்கிக் கடன் 30 நாளில் கிடைக்கும் என்று நம்பி முன்பணத்தை இழந்தவர்கள் இருக்கிறார்கள். காணியில் ஆள் குடியிருந்தால், கையளிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தில் கட்டளை பெறுவது வாங்கியவரின் வேலை. சட்டத்தரணி ஒருவர் உறுதியையும் காணிப் பதிவகத்துப் பதிவுகளையும் பார்க்காமல் இதில் காலை வைக்காதீர்கள். என் அனுபவம் அவருடைய படிப்புக்கு ஈடாகாது.

ஏல நாளில் செய்யவேண்டியவை சிறியவை. அடையாள அட்டையும் கட்டுப்பணமும் கையில் இருக்கட்டும். உச்சத் தொகையை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையில் வையுங்கள். முழுத் தொகையாக வேண்டாம். 300,000இல் எல்லாரும் தயங்கி நிற்பார்கள், 301,500 கேட்டவருக்குப் பொருள் போவதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். முன்வரிசையில் நிற்காமல் பக்கவாட்டில், கேட்பவர்களின் முகம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். முதல் ஏலத்தில் ஒன்றும் கேட்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் உங்கள் தொகையை எழுதி, போன தொகையைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டும் ஓரளவு ஒத்துவரத் தொடங்கும்போது கையைத் தூக்கலாம். வென்றால் பற்றுச்சீட்டில் உங்கள் பெயர், தொகுதி இலக்கம், செசி இலக்கம் சரிதானா என்று மேசையை விட்டு நகருமுன் பாருங்கள். என்னைப் போன்ற எழுதுவினைஞர்கள் பின்னேரம் ஆனால் பிழை விடுவார்கள். தளபாடம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் நல்ல தும்புக் கயிறு பத்து யார் நீளம் கொண்டு போங்கள். அங்கே ஒருவரும் கயிறு தரமாட்டார்கள்.